ஏழரை ஆம்பியர்

நவம்பர் 4

என்னங்க,

பொடிசும் நானும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு காற்றில் நிற்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் படகேறி மூன்று மாதம் முடிந்துவிட்டது. "தீவுல ஒரு மாசத்துல டவர் வந்துடும், தினம் போன்லயே பேசிக்கலாம்" என்றீர்கள். நீங்கள் கட்டப் போன துறைமுகம்தான் வளர்கிறது போலிருக்கிறது, டவர் வளரவில்லை. பத்து நாளைக்கு ஒரு படகு, அதில் ஒரு கடிதம் என்று நம் பாட்டனார் காலத்துக்கே போய்விட்டோம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் கம்பி சுற்றிச் செய்து வைத்துவிட்டுப் போன ஹீட்டர் காலையில் நன்றாகத்தான் சிவக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி லேசாகச் சிவந்து, அத்தோடு நின்றுவிடுகிறது. பொடிசின் கால்விரல் ஐஸ் கட்டி. இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்றைக் கழற்றி வாயில் வைத்துக்கொள்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரக்கா வந்து பார்த்துவிட்டு, "காயில் போயிடுச்சுடி. தூக்கிப் போட்டுட்டுக் கடையில ஒண்ணு வாங்கு" என்கிறார். நீங்கள் செய்ததைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

தலையணை முட்டுக்கொடுத்தால் பொடிசு இப்போது உட்காருகிறாள். ஐந்து மாதத்தில் உட்கார்ந்தால் முதுகு வளையுமா என்று ஒரு பயம். புத்தகத்தில் வளையாது என்று போட்டிருக்கிறது. அப்புறமும் பயமாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


நவம்பர் 17

அன்புள்ள பி.எஸ்ஸி.க்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் பொடிசும் நல்லா இருக்கணும்.

காயில் போயிடுச்சுன்னு தையல்காரக்கா எதை வெச்சுச் சொல்றாங்க? ஊசி கோத்துப் பார்த்தாங்களா? அளக்காம எதையும் சொல்லக் கூடாது. பீரோவுக்கு மேல என் பழைய கிளாம்ப் மீட்டர் இருக்கு. ஹீட்டர் வயர்ல ஒரு சாண் நீளத்துக்கு ரெண்டு கம்பியையும் பிரிச்சு விட்டிருக்கேன். மீட்டரோட வாயைத் திறந்து ஒரே ஒரு கம்பியை மட்டும் கவ்வ விடு. ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா போற கரண்டும் வர்ற கரண்டும் அடிபட்டுப் போய் சுழின்னு காட்டும். வோல்ட்டைப் பக்கத்து பிளக் ஓட்டையில மீட்டரோட ரெண்டு முள்ளையும் வெச்சுப் பாரு. ஹீட்டர் ஓடும்போதே பார்க்கணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கை ஈரமில்லாம இருக்கணும்.

பொடிசு உட்கார்றது சந்தோஷம்.

இன்னொரு சேதி. மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க போல. உன் எண்ணம் என்னன்னு எழுது.

படகு ஊதிட்டான்.


நவம்பர் 26

என்னங்க,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் முக்கால் பக்கம் இருந்தது. அதில் அரைப் பக்கம் மீட்டர்.

மூன்று வருடம் இயற்பியல் படித்தவளுக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித்தருகிறீர்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை இரண்டு கம்பியையும் சேர்த்துத்தான் கவ்வ விட்டேன். சுழி காட்டியது. அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

காலை எட்டு மணி: 230 வோல்ட், 5 ஆம்பியர்.
சாயங்காலம் ஏழு மணி: 184 வோல்ட், 4 ஆம்பியர்.

பொடிசு மீட்டரின் சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். நீங்கள் பிடித்த இடம் என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

ஒப்பந்த விஷயம் உங்கள் இஷ்டம். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 10

அன்புள்ள பி.எஸ்ஸி.க்கு,

சுகம்தானே? நான் சுகம். உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு இருந்த சந்தோஷத்துல சாப்பாட்டு மணியைக் கோட்டை விட்டுட்டேன்.

ஹீட்டர்ல ஒரு பழுதும் இல்லை! வகுத்துப் பாரு. 230-ஐ 5-ஆல வகுத்தா ரெசிஸ்டன்ஸ் 46 ஓம். 184-ஐ 4-ஆல வகுத்தாலும் அதே 46. நான் அன்னைக்கு வாசப்படியில உட்கார்ந்து சுற்றினப்போ எத்தனையோ, இன்னைக்கும் அத்தனைதான். கம்பி அப்படியே இருக்கு. குறையுறது வோல்ட்டு. சாயங்காலம் தெரு மொத்தமும் அடுப்பு, ஹீட்டர், வெந்நீர்னு போடுறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா நம்ம வீட்டுக்கு வர்றப்போ வோல்ட்டு தளர்ந்துடுது.

இதுல ஒரு வேடிக்கை. வோல்ட்டு அஞ்சுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு. சூடும் அவ்வளவுதான் குறைஞ்சிருக்கும்னு நினைப்ப. இல்லை! வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாரு. காலையில 1150 வாட். சாயங்காலம் 736. மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு. ஏன்னா வோல்ட்டு குறைஞ்சா கரண்டும் கூடவே குறையுது, ரெண்டும் சேர்ந்து சூட்டைத் தின்னுது. என் அறையில இருக்கிற கிரேன் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதுறியா, பரீட்சை எழுதுறியா?"ன்னார். அவருக்கு என்ன தெரியும்.

வைத்தியம் சுலபம். தெரு இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சாயங்காலம் நாலு மணிக்கே ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கிடு. கதவுக்கு அடியில துணியைச் சுருட்டி வை. சுவர் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். எப்படி வெச்சுக்கும்னு அடுத்த தாள்ல படம் போட்டிருக்கேன்…

(மூன்று தாள் படமும் கணக்கும்.)

ஒப்பந்தம் பத்தி நீ உன் இஷ்டத்தைச் சொல்லலையே.


டிசம்பர் 19

என்னங்க,

சுகம், சுகமே விரும்புகிறேன்.

நாலு தாள்! கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே இல்லை. தையல்காரக்கா உறையைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னடி, கனமா இருக்கு, உள்ள என்ன எழுதியிருக்கார்?" என்று கண்ணடித்தார். சுவர் எப்படிச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறார் என்றேன். நம்பவில்லை.

நாலு மணிக்கே போடுகிறேன். அறை கதகதவென்று இருக்கிறது. பொடிசு ஒற்றைச் சாக்ஸோடு நிம்மதியாகத் தூங்குகிறாள். இப்போது வயிற்றால் தேய்த்துக்கொண்டு பின்பக்கமாக நகர்கிறாள். முன்னால் இருக்கிற பொம்மையை எடுக்கப் போகிறேன் என்று கிளம்பி, கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து, பொம்மை ஏன் தூரமாகப் போகிறது என்று அழுகிறாள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நேற்று மறுபடியும் அளந்தேன். 230 வோல்ட்தான். ஆனால் 6 ஆம்பியர் காட்டுகிறது. என்ன காரணம் என்று விளக்கமாக எழுதுங்கள். படம் இருந்தால் நல்லது.

ஒப்பந்தம் உங்கள் இஷ்டம் என்பதுதான் என் இஷ்டம்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 2

அன்புள்ள பி.எஸ்ஸி.க்கு,

நான் சுகம். நீங்க ரெண்டு பேரும் சுகமான்னு இந்தத் தடவை நிஜமாவே கேட்கிறேன்.

நீ வகுத்துப் பார்த்தியா? 230-ஐ 6-ஆல வகுத்தா 38 ஓம். 46 எப்படி 38 ஆகும்? கம்பி தானாக் குட்டையாகாது. எங்கயோ ரெண்டு சுற்று ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு. கரண்டு முழுக் கம்பியையும் சுற்றாம குறுக்கு வழியில போகுது. வாட் 1380 ஆயிடுச்சு. அந்த இடத்துல மட்டும் சூடு ஜாஸ்தியாகும்.

பிளக்கைக் கழற்றிட்டு உடனே தொட்டுப் பாரு, கை பொறுக்குதா? தீய்ஞ்ச வாசனை வருதா? தொட்டில்ல இருந்து மூணு முழம் தள்ளி வை. திரைச்சீலையை முடிச்சுப் போட்டு மேல தூக்கிடு. தூங்கப் போறப்போ அணைச்சிடு. நான்தான் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவுல இடைவெளி விட்டதா எனக்கு ஞாபகம். இப்போ அந்த ஞாபகத்தையே நம்ப முடியலை.

மறுபடி அளந்து, முதல் படகுலயே எழுது.


ஜனவரி 10

என்னங்க,

நாங்கள் நலம். வீணாகக் கவலைப்படாதீர்கள். வாசனை எதுவும் இல்லை.

நீங்கள் சொன்னபடி அளந்தேன். 230 வோல்ட், ஏழரை ஆம்பியர்.

இதெல்லாம் கடிதத்தில் தீருகிற விஷயமா, நேரில் பார்த்தால்தானே தெரியும் என்று தையல்காரக்கா சொல்கிறார். சரிதான். ஆனால் நேரில் பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?

பொடிசுக்குக் கீழ் வரிசையில் ஒரு பல். கரண்டியால் தட்டினால் டிங் என்கிறது. எத்தனை தடவை தட்டினேன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 27

தங்கச்சிக்கு, கிரேன் அண்ணன் எழுதுறது. நீ என்னைப் பார்த்ததில்லை, உன் வீட்டுக்காரரோட ஒரே அறையில இருக்கிறவன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அவர் பக்கத்துலதான் உட்கார்ந்து என் எழுத்துல தப்புக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கார். அதனால பயப்படாம படி.

வலது கையில காயம். "சின்னக் காயம்னு எழுதுங்கண்ணே"ங்கிறார். எழுதிட்டேன். அஞ்சு விரலும் இருக்கு. உள்ளங்கையில தோல் போயிருக்கு, ஒன்றரை மாசம் கட்டுப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். உன் கடிதம் வந்த படகு ஊதுறதுக்குள்ள மேனேஜர்கிட்ட ஓடினார். "என் வீட்டுல ஹீட்டர் தீப்பிடிக்கப் போகுது, நான் இதே படகுல போகணும்"னார். மாத்து ஆள் இல்லைன்னுட்டாங்க. படகு போயிடுச்சு. மறுநாள் பேட்டரி அறையில ஸ்பேனர் வெச்சு முடுக்குறார். நினைப்பெல்லாம் அங்க. ஸ்பேனர் நழுவி ரெண்டு முனைக்கும் குறுக்கே விழுந்து, ஒரு மின்னல். வெறும் இருபத்துநாலு வோல்ட்டும்மா! சும்மா தொட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கார். ஸ்பேனர் வெல்டிங் வெச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு.

அவர் சொல்லச் சொன்னது: ஹீட்டரைக் கழற்றிப் பால்கனியில வை. குழந்தையை உன் பக்கத்துலயே போட்டுக்கோ. வேற ஒண்ணும் சொல்லலை. சொல்ல வந்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கிட்டார். நான் நடுவுல நந்தி மாதிரி.

இது அவர் கை கழுவப் போன நேரத்துல எழுதுறேன். சுவர்ல சுண்ணாம்புக் கட்டியில 46, 38, 30-ன்னு எழுதி வெச்சிருக்கார். "ஏழரை ஆம்பியர், 1725 வாட். அந்தப் பிளக் இத்தனை நாள் எப்படித் தாங்குச்சு?"ன்னு தனியாப் பேசுறார். எனக்குக் கரண்டு தெரியாது தங்கச்சி. நீ படிச்ச பொண்ணு. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அனுப்பு.


பிப்ரவரி 6

என்னங்க,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நாங்கள் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை நீங்களே படியுங்கள். அண்ணனைப் படிக்கச் சொல்லாதீர்கள்.

பிளக் ஏன் தாங்கியது என்றால், அது ஐந்து ஆம்பியரைத்தான் தாங்கியது. ஆறும் இல்லை, ஏழரையும் இல்லை. நவம்பருக்குப் பிறகு நான் மீட்டரைத் தொடவே இல்லை. ஆறு என்று எழுதினேன். உங்களிடமிருந்து ஐந்து தாள் வரும் என்று எழுதினேன். அதற்கு ஒரு பக்கமும் ஒரு பதற்றமும் வந்தது. சரி, இன்னும் கொஞ்சம் பெரிய எண்ணாகப் போட்டால் இன்னும் பெரிய கடிதமாக வரும் என்று ஏழரை போட்டேன். வோல்ட்டும் ஆம்பியரும் எழுதுகிறவளுக்கு வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. "நீ வகுத்துப் பார்த்தியா?" என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டும் வகுக்கவில்லை.

இப்போது வகுக்கிறேன். இருபத்துநாலு வோல்ட். ஸ்பேனரின் மின்தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 2400 ஆம்பியர். பெருக்கினால் 57,600 வாட். நம் வீட்டு ஹீட்டர் ஐம்பது, ஒரே இடத்தில், உங்கள் உள்ளங்கைக்குக் கீழே. இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஐம்பதுதான் வருகிறது.

குழந்தைக்கு ஜுரம் என்று பொய் சொல்ல என் நாக்கு எழுந்திருக்காது. ஹீட்டர் என்றால் யாருக்கும் நோகாது என்று நினைத்தேன்.

திட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 1

என்னங்க,

நாங்கள் சுகம். இரண்டு படகு வந்துவிட்டுப் போய்விட்டது. தபால்காரர் இப்போதெல்லாம் எங்கள் வாசலில் நான் நிற்பதைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

கை எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது அண்ணனை எழுதச் சொல்லுங்கள். கோபம் என்றால் கோபமாகவே எழுதுங்கள், அதையும் நாலு தாளுக்கு எழுதுங்கள்.

இன்று ஹீட்டரை நிஜமாகவே அளந்தேன். என்ன காட்டியது என்று எழுதவில்லை. நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 9

பி.எஸ்ஸி.க்கு,

இடது கையால எழுதுறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி. கட்டுப் பிரிச்சாச்சு. விரல் மடங்குது, பேனா இன்னும் நிக்கலை. அண்ணன் எழுதித் தர்றேன்னார். வேணாம்னுட்டேன். அதான் இத்தனை நாள்.

கோபம் இருந்தது. இருபது நாள் தூக்கத்துல நான் அந்தக் காயிலைப் பிரிச்சுச் சுற்றிக்கிட்டே இருந்தேன். உன் கடிதம் வந்ததும் சுவர்ல இருந்ததை அழிச்சேன். அழிச்சுட்டு உட்கார்ந்து சிரிச்சேன். அப்புறம் அண்ணன் வெளிய போயிட்டார், கதவையும் சாத்திட்டுப் போனார்.

ஒண்ணு கேட்கிறேன். நீ கடிதம் நீளமா வரணும்னு மட்டும்தான் பண்ணினியா? உன் கடிதம் எல்லாத்தையும் அடுக்கி வெச்சுப் பார்த்தேன். நீ கேட்க வேண்டியது எதுலயும் இல்லை. எல்லாத்துலயும் "உங்கள் இஷ்டம்".

என் பக்கமும் ஒண்ணு இருக்கு. பொடிசு உட்கார்றா, நகர்றான்னு நீ எழுதினதுக்கெல்லாம் நான் ஒரு வரி எழுதினேன், இல்லைன்னா அதுவும் இல்லை. அது எனக்கு எழுதத் தெரியலைன்னு நினைச்சுக்காத. ரெண்டு மாசக் குழந்தையா விட்டுட்டு வந்தேன். அவ பல்லு டிங்குங்குதுன்னு நீ எழுதியிருக்க, அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியலை. இப்போ போய் நின்னா இவன் யாருன்னு பார்ப்பா. வயர்னா எனக்குப் பயமில்லை, அந்தப் பார்வைதான். இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருந்துட்டா அந்தப் பார்வையைத் தள்ளிப் போடலாம்னு கூட நினைச்சேன். அசிங்கமாத்தான் இருக்கு, எழுதிட்டேன்.

மேனேஜர் தாளை நீட்டினார். கை சரியில்லைன்னேன். "இடது கைப் பெருவிரல் போதும்"னார். இருபத்தெட்டாம் தேதிப் படகு வரைக்கும் தவணை கேட்டிருக்கேன். அந்தப் படகுல உன் கடிதம் வரணும். எண் எதுவும் வேணாம். உன் இஷ்டத்தை எழுது.


மார்ச் 16

என்னங்க,

வாங்க.

கையெழுத்துப் போடாதீர்கள், பெருவிரலும் வைக்காதீர்கள். எனக்கு இங்கே எல்லாக் குறையும் இருக்கிறது. படகுத்துறையில் "போகட்டுமா?" என்று கேட்டீர்கள். "போய்ட்டு வாங்க" என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அது. நானே போகச் சொல்லிவிட்டு நானே எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று எட்டு மாதமாக ரோஷம் பார்த்தேன். கை பட்ட பாட்டுக்குப் பிறகு இனி எனக்கு ரோஷம் எதற்கு?

பார்வை விஷயம். உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அளந்ததையே எழுதுகிறேன். போன வாரம் மீட்டர் ரீடிங் எடுக்க ஒரு ஆள் வந்தார். அவரைப் பார்த்ததும் பொடிசு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். உங்களுக்கும் அதைத்தான் செய்வாள். உங்கள் மீசைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே அழுவாள். உங்களிடம் நீட்டினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் பக்கம் தாவுவாள்.

உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள். அவள் திருப்பிக்கொண்ட பக்கம் சுற்றிப் போய் நின்று சிரிக்கவும் வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்காது. தரையில் உட்கார்ந்து எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உங்கள் பாட்டுக்கு இருங்கள். முதல் நாள் கதவோரத்திலிருந்து பார்ப்பாள். இரண்டாம் நாள் கொஞ்சம் கிட்டே வருவாள். தவழ்ந்து வருவாள், இப்போது முன்பக்கமாகவே வருகிறாள். நீங்கள் பார்த்தால் நின்றுவிடுவாள், அதனால் பார்க்காதீர்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உங்கள் முழங்காலைப் பிடித்து எழுந்து நிற்பாள். தையல்காரக்காவிடம் அப்படித்தான் போனாள். அப்போதும் தூக்காதீர்கள். அவளாகக் கையை நீட்டட்டும்.

அந்த மூன்று நான்கு நாளும் நான் உங்களிடம் சரியாகப் பேசமாட்டேன். ஏதாவது அடுப்படி வேலை இருக்கிற மாதிரி நடந்துகொண்டே இருப்பேன். அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னையும் பார்க்காமல் இருங்கள். நானாக வந்துவிடுவேன்.